சாமிக்கு வச்ச போல்ட்டு

பிரேமினியப் பத்தி வெளியாள் யாராவது ஒரு வார்த்தை தப்பாப் பேசினா எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்திரும். நான் திட்டுவேன், அது வேற கணக்கு. அவளும் நானும் தோட்டத்துல ஒரே லயத்து வரிசையில அடுத்தடுத்த காம்பரா வீடு. ஒரே பஸ்ஸுல இடிபட்டு, ஒரே வேர்க்ஷொப்புல இரும்புத் தூசி குடிச்சு, ஒரே டப்பாவுல சம்பல் பங்கு போட்டுத் திங்கிறவங்க. அவளத் திட்ட எனக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு இருக்கு?

என் பேரு சண்முகவடிவு. அவ என்னை வடிவக்கான்னு கூப்பிடுவா. ஹட்டன்ல இருந்து டிக்கோயா போற ரோட்டுல எங்க மொதலாளி மஃறூப் நானாவோட வேர்க்ஷொப் இருக்கு. தேயிலை பெக்டரிக்கு ரோலர் மெஷின் கட்டிக் குடுக்கிற எடம். ரோலர்னா வாடின கொழுந்தப் போட்டு உருட்டிப் பிசையுற மெஷின். கீழ பெரிய பித்தளைத் தட்டு, மேல கொழுந்துத் தொட்டி, அந்தத் தொட்டியச் சுத்த வைக்க மூணு பக்கமும் இரும்புக் கை. அந்தக் கைகளப் புடிச்சு நிப்பாட்டுறது பெருவிரல் தடிப்புல இருக்கிற போல்ட்டுங்கதான். கடைசியில பச்சைப் பெயிண்ட் அடிக்கிறது நான். நான் பெயிண்ட் அடிக்க முன்னால போல்ட்டு எல்லாத்தையும் சோதிச்சு விடுறது பிரேமினி.

அவ கையில ஒரு நீள ஸ்பேனர் இருக்கும். அதுக்கு இங்கிலீசுல என்னமோ பேரு, நாங்க டிக் ஸ்பேனர்னு சொல்லுவோம். எவ்வளவு இறுக்கணும்னு கைப்பிடியத் திருகி அளவு வச்சிரலாம். இழுக்கும்போது அந்த அளவு வந்ததும் டிக்குனு ஒரு சத்தம், கையில ஒரு உதறல். அதோட விட்டுரணும். ஃபிட்டர் ஒரு டிக் ஸ்பேனர் வச்சு இறுக்குவாரு, பின்னால இவ இன்னொரு டிக் ஸ்பேனர் வச்சுப் பார்ப்பா. நட்டு அசையாம டிக்குனு சொன்னா, நட்டு மேலயும் பக்கத்து இரும்பு மேலயும் சேர்த்து மஞ்சப் பெயிண்டால ஒரு கோடு இழுப்பா. அப்புறம் நட்டு துளி அசைஞ்சாலும் கோடு விலகிக் காட்டிக் குடுத்திரும். அவ கோடு போடாத போல்ட்டுல நான் பிரஷ்ஷ வச்சேன்னா அன்னைக்கு எனக்கு அர்ச்சனைதான்.

வாய்னா வாய், அப்படி ஒரு வாய். அவ அம்மா மலையில கொழுந்து எடுக்கிறவங்க. இவளும் படிப்ப முடிச்சிட்டு, காலையில பேர் குடுத்து வேல பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நிப்பான்னு எல்லாரும் நெனச்சோம். "என் கையில கூடை ஏறாது"ன்னு சொல்லிட்டு, ஆம்பளப் பசங்க படிக்கிற மெஷின் வேலைப் படிப்புல போய்ச் சேந்தா. அங்க சொல்லிக் குடுத்த மாஸ்டர் ஒரு சொல் சொன்னா அத மந்திரம் மாதிரி மனசுல வச்சுக்குவா. வேர்க்ஷொப்புக்கு வந்த புதுசுல, "பொம்பளப் புள்ள போல்ட்டுப் பார்க்க வந்திருக்கு, பொட்டு வச்சுப் பார்க்குமா?"ன்னு பசங்க கிண்டல் பண்ணினாங்க. அவனுங்க இறுக்கினதுல பாதிய அன்னைக்கே கழட்ட வச்சா. அதுக்கப்புறம் ஒருத்தனும் வாயத் தொறக்கல.

எனக்கு அதுல பெருமை. எங்க லயத்துப் புள்ள சிங்களத்துலயும் இங்கிலீசுலயும் இன்ஜினியர்கிட்ட எதுத்துப் பேசுதுன்னா சும்மாவா? ஆனா ஒரு மனுசன அவ படுத்துற பாடு மட்டும் எனக்குப் புடிக்காது.

அவரு பேரு பழனியாண்டி. ஃபிட்டர். தோட்டத்து பெக்டரியில காலம் பூரா மெஷின் பார்த்தவரு. அங்க வயசு முடிஞ்சு வந்ததும் மஃறூப் நானா தேடிப் போய்க் கூட்டிட்டு வந்தாரு. கைவேலை தெரிஞ்ச பெரியவங்கள இங்க பாஸ்னுதான் கூப்பிடுவாங்க, இவ மட்டும் மாமான்னு கூப்பிடுவா. சொந்தம் ஒண்ணும் இல்ல, ஒரே தோட்டத்துப் பழக்கம். பழைய மெஷின் கழட்ட வந்தா, துருப் புடிச்ச நட்டு அசையலன்னா, ஸ்பேனர் வாலுல ஒரு இரும்புப் பைப்பச் சொருகி எம்பி இழுப்பாரு. நீளம் கூடினா பலம் கூடுமில்ல. அந்தப் பைப்ப எப்பவும் பக்கத்துலயே சாத்தி வச்சிருப்பாரு. அது கழட்டுறதுக்கு மட்டுந்தான். இறுக்கும்போது பைப் போட்டா போல்ட்டு இழுபட்டு நீண்டு போகும்னு அவருக்கே தெரியும். ஆனா பிரேமினிக்கு அந்தப் பைப்பக் கண்டாலே ஆகாது.

"மாமா, பைப்பத் தூக்கிப் போடுங்க. இல்லாட்டி உங்களையும் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

அவரு சிரிப்பாரு. "போடு பிள்ளை. என்னைப் போட்டா பைப்புக்கு யாரு துணை?"

கேக்கிற பசங்களும் சிரிப்பானுங்க. நானுந்தான். அவரு கைய வேட்டித் துணியில தொடச்சுக்கிட்டு அடுத்த நட்டுக்குப் போயிருவாரு.

இனி ஆயுதபூசையச் சொல்லணும். மஃறூப் நானா முஸ்லிம்தான். ஆனா வருசா வருசம் பூசைக்கு வாழைப்பழம், கடலை, கற்பூரம் எல்லாம் அவரே வாங்கி அனுப்பிருவாரு. கற்பூரம் காட்டும்போது மட்டும் வாசல்ல போய் நின்னுக்குவாரு. நாங்க மெஷின் எல்லாம் கழுவி, ஸ்பேனர் சுத்தியல் எல்லாம் தொடச்சுப் படத்துக்கு முன்னால அடுக்குவோம். அங்க எங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. அடுத்து கட்டப் போற மெஷினோட போல்ட்டையும் நட்டையும் ஒரு தட்டுல வச்சு சாமிக்கு முன்னால வைப்போம். மறுநா புது வேல தொடங்கும்போது அந்தத் தட்டுல இருந்துதான் எடுக்கணும். சாமிக்கு வச்ச போல்ட்டு மொத மெஷினுக்குப் போனா, வருசம் பூரா அடிபடாம காயம்படாம வேல நடக்கும்னு நம்பிக்கை.

இந்த வருசம் தட்டு அடுக்கினது பிரேமினி. போல்ட்டுங்க மங்கலா இருக்குன்னு, துணியில தேங்காயெண்ணெய் தொட்டு ஒவ்வொண்ணையும் பளபளன்னு தொடச்சா. நட்டு ஏறுற மரையில நல்லா உள்ள போற மாதிரித் தேச்சா. குத்துவிளக்கச் சுத்திப் பூ மாதிரி வட்டமா அடுக்கி, ஒவ்வொரு தலையிலயும் குங்குமம் வச்சா. என்னா அழகுங்கிறீங்க! நான்தான் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநா அந்தப் போல்ட்டுங்களை அப்படியே எடுத்துப் பழனியாண்டி பாஸ் ரோலர்ல போட்டு இறுக்கினாரு. சாமிக்கு வச்சத யாரு தொடச்சுப் போடுவா? டிக் சத்தம் கேட்டுச்சு. பிரேமினி பார்த்தா. அங்கயும் டிக். மஞ்சக் கோடு போட்டா. நான் பச்சை அடிச்சேன். லொறி வந்து தூக்கிட்டுப் போச்சு.

தலவாக்கலைப் பக்கம் கருங்கல்மலைத் தோட்டம்னு ஒரு தோட்டம். அங்க மெஷின நட்டு நிப்பாட்டி, கொழுந்து போட்டு ஓட்டிப் பார்த்திருக்காங்க. நல்லாத்தான் ஓடியிருக்கு. கொஞ்ச நேரத்துல ஒரு போல்ட்டு பட்டுனு அறுந்திருக்கு. பின்னாலயே இன்னொண்ணு. இரும்புக் கை எகிறி, பக்கத்துல கொழுந்து தள்ளிக்கிட்டிருந்த செல்லசாமிங்கிறவரோட கால்ல விழுந்திருச்சு. முழங்காலுக்குக் கீழ எலும்பு நொறுங்கிப் போச்சு. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க.

எங்களுக்கு போன் வந்தப்ப பிளேன்டீ குடிச்சுக்கிட்டிருந்தோம். மஃறூப் நானா போனக் காதுல வச்சுக்கிட்டு, "யா அல்லாஹ், ஆளுக்கு என்ன? ஆளுக்கு என்ன?"ன்னு மட்டுந்தான் கேட்டாரு.

அடுத்த நா தோட்டக் கம்பனி இன்ஜினியர் வந்தாரு, சிங்கள ஆளு, மஹத்தயான்னுதான் மரியாதையாக் கூப்பிடுவோம். அறுந்த போல்ட்டுத் துண்டையும், அறுகாம இருந்த போல்ட்டையும் பேப்பர்ல சுத்திக் கொண்டு வந்து மேசையில வச்சாரு. நல்லாத் தொடச்சு, டீசல்ல கழுவிக் கொண்டு வந்திருந்தாரு. போல்ட்டோட கழுத்து மெலிஞ்சு போயிருந்துச்சு, இழுத்த ஜவ்வு மிட்டாய் மாதிரி. "அளவுக்கு மேல இறுக்கியிருக்கு"ன்னு சிங்களத்துல சொன்னாரு. "யாரு சோதிச்சது?"

எல்லாரும் பிரேமினியப் பார்த்தோம். அவ மூஞ்சி செவந்திருச்சு. அவளப் பார்த்து அப்படி ஒரு கேள்விய யாரும் கேட்டதில்ல. அவ நிமிந்து நின்னு சிங்களத்துல படபடன்னு சொன்னா. என் ஸ்பேனர் போன மாசந்தான் கொழும்புக்குப் போய் அளவு சரிபார்த்து வந்தது. டிக் ஸ்பேனர் வச்சுச் சோதிச்சா இறுக்கம் கொறஞ்சிருந்தாத்தான் தெரியும், கூடியிருந்தா தெரியாது, கூடினாலும் அது டிக்குனுதான் சொல்லும். அதனால எனக்கு முன்னாலயே யாரோ கூட இறுக்கியிருக்காங்க. அவ சொன்ன ஒவ்வொண்ணும் சரிதான். அதோட நிறுத்தியிருக்கலாம். பாவி, நிறுத்தல. சுவத்துல சாத்தியிருந்த பைப்ப எடுத்து வந்து மேசை மேல வச்சா.

"இவரு எப்பவும் பைப் போடுறவரு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன். இவங்கள்லாம் பழைய ஆளுங்க மஹத்தயா, அளவு ஸ்பேனர நம்ப மாட்டாங்க, கைய நம்புவாங்க."

பழனியாண்டி பாஸுக்குச் சிங்களம் நல்லாத் தெரியும். ஒவ்வொரு வார்த்தையும் அவரு காதுல விழுந்துச்சு. மஃறூப் நானா தமிழ்ல மெதுவாக் கேட்டாரு: "பாஸ், பைப் போட்டீங்களா?"

அவரு கைய விரிச்சு உள்ளங்கையப் பார்த்தாரு. "போட்ட ஞாபகம் இல்லைங்க மொதலாளி."

"ஞாபகம் இல்லையா, போடலையா?"ன்னு பிரேமினி கேட்டா. எல்லாருக்கும் முன்னால. மாமான்னுகூடச் சொல்லல.

அவரு விரிச்ச கைய மடக்கிக்கிட்டாரு. யாரோ ஒருத்தன் பின்னால சிரிச்சான். மஃறூப் நானா தலையக் குனிஞ்சுக்கிட்டு, "கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருங்க பாஸ். நான் சொல்லி அனுப்புறேன்"ன்னாரு. அவரு தூக்குவாளிய எடுத்துக்கிட்டுப் போனாரு. மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. குடைய மறந்துட்டுப் போனாரு, திரும்பி வந்து எடுக்கக்கூட இல்ல.

அன்னைக்குப் பஸ்ஸுல நான் பிரேமினிகூடப் பேசல. "என்ன வடிவக்கா, ஆளுக்குக் கால் போயிருக்கு, உண்மையச் சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டா.  அப்ப நானும் அதுதான் உண்மைன்னு நம்பினேன். ஆனா சொன்ன விதம் இருக்கே, அது எனக்கு நெஞ்சுல குத்திக்கிட்டே இருந்துச்சு.

மெஷினத் திருப்பி எடுத்து வந்து மறுபடி கட்டணும். ஃபிட்டர் இல்ல. "நானே இறுக்குறேன், அப்பத்தான் சரியா இருக்கும்"னு பிரேமினி முன்னுக்கு வந்தா. பூசைத் தட்டுல மிச்சம் போல்ட்டு கெடந்துச்சு. அத எடுத்து, அளவு வச்சு, டிக்குனு சத்தம் வரவும் கைய எடுத்தா. பைப் இல்ல, எம்பல் இல்ல, எல்லாம் சட்டப்படி. அதுல ஒண்ணு எடம் மாறிப் போட்டதால திருப்பிக் கழட்டினா. கழட்டின நட்ட அதே போல்ட்டுல விரலால ஓட்டிப் பார்த்தா. பாதி மட்டும் ஓடி நின்னுக்கிச்சு. அங்குட்டும் போகல, இங்குட்டும் வரல.

நான் பக்கத்துல பிரஷ் கழுவிக்கிட்டிருந்தேன். அவ அசையாம நிக்கிறதப் பார்த்து, "என்னடி?"ன்னேன்.

"மரை இழுபட்டிருச்சு வடிவக்கா. போல்ட்டு நீண்டிருச்சு. நான் பைப் போடலையே."

ஸ்டோர்ல இருந்து பேக்கட் ஒடைக்காத புதுப் போல்ட்டு ஒண்ணு எடுத்து வந்தா. அதே ஓட்டை, அதே ஸ்பேனர், அதே அளவு. டிக். கழட்டினா. நட்டு விரலுக்குச் சும்மா சரசரன்னு ஓடுச்சு. மறுபடி தட்டுல இருந்து ஒண்ணு. டிக். கழட்டினா. நட்டு சிக்கிக்கிச்சு. அப்பத்தான் அவ தன் விரல மோந்து பார்த்தா. பார்த்தவ அப்படியே இரும்புப் பலகை மேல குந்திட்டா.

"எண்ணெய்"னு சொன்னா. சத்தமே வரல.

அப்புறம்தான் எனக்கு வெளங்க வச்சா. டிக் ஸ்பேனர்ல வைக்கிற அளவு காஞ்ச போல்ட்டுக்கு உள்ள அளவு. காஞ்ச போல்ட்டுல நாம இழுக்கிற இழுவையில முக்கால்வாசிக்கும் மேல உரசல்லயே போயிரும், மிச்சம்தான் போல்ட்ட இழுத்துப் புடிக்கும். எண்ணெய் தடவிட்டா உரசல் கொறஞ்சு வழுக்கும். அதே டிக் சத்தத்துக்குள்ள நட்டு இன்னும் கூடச் சுத்தி, போல்ட்ட இழுத்து நீட்டிரும். ஸ்பேனர் சரி, கை சரி, சத்தம் சரி. போல்ட்டு மட்டும் போச்சு. படிப்புல மாஸ்டர் இதத்தான் மொத மொதல்ல சொல்லிக் குடுத்தாராம். எண்ணெய் பட்டிருக்கான்னு பார்க்கிறதும் சோதிக்கிறவளோட வேலதானாம்.

"உனக்குத் தெரியுமில்ல, பின்ன ஏன்டி தடவின?"

"அது எண்ணெய்னே எனக்குத் தோணல வடிவக்கா. அது பூசைன்னுதான் தோணுச்சு."

 எண்ணெய்னு எனக்கு மட்டும் தோணுச்சா? அங்க நின்ன யாருக்காவது தோணுச்சா? ஆனா ஒண்ணு. நாங்க யாரும் பைப்பத் தூக்கி மேசையில வைக்கலையே.

"வா, போய் மொதலாளிகிட்டச் சொல்லு"ன்னேன்.

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கா? அந்த மனுசன் இன்னைக்கு ராத்திரி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சோறு திம்பாரு?"

"எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க வடிவக்கா."

"அவரையும்தான் பார்த்தாங்க!"

நான் கத்தின கத்துல கிரைண்டர் அடிச்சுக்கிட்டிருந்தவன் நிப்பாட்டிட்டுப் பார்த்தான். அப்பவும் அவ எந்திரிக்கல. மறுநா வேலைக்கே வரல, காச்சல்னு சொல்லிட்டா. காம்பராக் கதவத் தட்டினேன், தொறக்கல. எனக்கு வந்துச்சே கோவம். "நீயே போய்ச் சொல்றியா, இல்ல நான் மேளம் கட்டிக்கிட்டு ஊரெல்லாம் சொல்லட்டுமா?"ன்னு வாசல்ல நின்னு கேட்டேன். லயமே எட்டிப் பார்த்துச்சு. அடுத்த நா காலையில குளிச்சு வந்து பஸ்ஸுக்கு நின்னா. கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு.

வேர்க்ஷொப்புக்குப் போனதும் நடந்தத எல்லாம் மஃறூப் நானாகிட்டச் சொன்னா. அவரு தொப்பியக் கழட்டி மேசையில வச்சுட்டுத் தலையத் தடவினாரு. "தப்பு உங்களோடது மட்டும் இல்ல பிள்ளை. விசாரிக்காம அவர வெளிய போகச் சொன்னது என்ட வாய்தானே. அவர்ட மூஞ்சியில நான் எப்படி முழிக்க?" அவரே வேன எடுத்தாரு. நாங்க ரெண்டு பேரும் பின்னால ஏறினோம்.

பழனியாண்டி பாஸ் வீட்டுல அவரு சம்சாரம் பேச்சியம்மா மட்டும் இருந்தாங்க. எப்பவும் உள்ள வாங்கன்னு கைய்யப் புடிச்சு இழுக்கிறவங்க, அன்னைக்கு வாசப்படியிலயே நின்னாங்க. "அவரு ஆஸ்பத்திரியில"ன்னாங்க.

மஃறூப் நானா பதறிப் போயிட்டாரு. "என்ன அவருக்கு?"

"அவருக்கு ஒண்ணும் இல்லைங்க. அந்தக் கால் ஒடஞ்ச மனுசனப் பார்க்கத் தெனமும் போறாரு. அவங்க வீட்டு ஆளுங்க திட்டினாலும் போறாரு." அப்புறம் பிரேமினியப் பார்த்து, "ஏன் பிள்ளை, பைப் கதைய எங்க லயம் வரைக்கும் கொண்டு வந்துட்டாங்களே"ன்னாங்க. கோவமாக்கூடச் சொல்லல. பிரேமினி என் கையப் புடிச்சுக்கிட்டா. 

ஆஸ்பத்திரியில நோயாளியப் பார்க்க விடுற நேரம். வாட்டு நெறைய ஆளுங்க. செல்லசாமி கால்ல கட்டுப் போட்டு மல்லாக்கப் படுத்திருந்தாரு. பக்கத்துல பழனியாண்டி பாஸ், துண்ட நனைச்சு அவரு கழுத்தத் தொடச்சு விட்டுக்கிட்டிருந்தாரு. செல்லசாமி சம்சாரம் கட்டில் கால்மாட்டுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னுச்சு. "இப்ப வந்து தொடச்சு என்ன பண்ண? அன்னைக்குக் கையில புத்தி இருந்திருக்கணும்"னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பாஸ் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டே தொடச்சாரு.

பிரேமினி நேராக் கட்டிலுக்குப் பக்கத்துல போய் நின்னா. நான் நெனச்சேன், காதோட சொல்லுவான்னு. அவ வாட்டே கேக்கிற மாதிரி சொன்னா.

"அக்கா, இவர ஏசாதீங்க. தப்பு என்னோடது. போல்ட்டுல எண்ணெய் தடவினது நான். சோதிக்க வேண்டியதும் நான். இவரு சரியாத்தான் இறுக்கினாரு. நான்தான் எல்லாருக்கும் முன்னால இவரு மேல பழியப் போட்டேன்."

மருந்து குடுத்துக்கிட்டிருந்த மிஸ்ஸிகூடத் திரும்பிப் பார்த்துச்சு. செல்லசாமி சம்சாரம் இவள மேலயும் கீழயும் பார்த்துட்டு, "அடிப் பாவி, பார்த்தா படிச்ச புள்ள மாதிரி இருக்கே!"ன்னுச்சு. அது போதும். ஒரு கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூட அவ தாங்கியிருப்பா. எனக்கே மண்ணுக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. மஃறூப் நானா சுவத்தப் பார்த்துக்கிட்டு நின்னாரு. செல்லசாமி மட்டும் கண்ண மூடிக்கிட்டு, "யாரு தப்பா இருந்தா என்ன, என் காலு எனக்கு வருமா?"ன்னாரு. 

பழனியாண்டி பாஸ் துண்டப் பிழிஞ்சு கட்டில் கம்பியில போட்டாரு. பிரேமினி கிட்ட வந்தாரு. அவரு மூஞ்சி தெளியும்னு நான் பார்த்துக்கிட்டே நிக்கிறேன். தெளியல.

"எனக்காகப் பொய் சொல்லாத பிள்ளை. உனக்கு எதுக்கு இந்த அவமானம்? நான் போட்டிருப்பேன். வயசாச்சு, ஞாபகம் இல்ல. என் கைதான்."

"இல்ல மாமா. நீங்க போடல. நெசமாத்தான் சொல்றேன், நீங்க போடல."

"நீதானே பிள்ளை சொன்ன, நான் போட்டேன்னு. படிச்ச புள்ள நீ. பார்க்காமலா சொல்லியிருப்ப?"

பிரேமினி அந்த எடத்துலயே உக்காந்து அவரு காலப் புடிச்சிட்டா. அவரு வெலவெலத்துப் போய், "எந்திரி, எந்திரி, ஆளுங்க பார்க்கிறாங்க"ன்னு அவள எழுப்பப் பார்க்கிறாரு. அவள விட அவருக்குத்தான் வெக்கமா இருந்துச்சு.

அவ அதோட விடல. அதையும் நான் சொல்லியாகணும். இன்ஜினியர் மஹத்தயாவ மஃறூப் நானாவ வச்சுத் திரும்ப வரச் சொல்லி, அதே மேசைக்கு முன்னால, அதே ஆளுங்க நிக்க, சிங்களத்துல ஒரு தடவை, தமிழ்ல ஒரு தடவை, நடந்ததச் சொன்னா. பழனியாண்டி பாஸையும் கூப்பிட்டு நிக்க வச்சு, எண்ணெய்ப் போல்ட்டு ஒண்ணு, காஞ்ச போல்ட்டு ஒண்ணு, ரெண்டையும் அவரு கையாலயே இறுக்கிக் கழட்ட வச்சா. அவரு நட்ட விரலால ஓட்டிப் பார்த்தாரு. ஒண்ணு ஓடுச்சு, ஒண்ணு நின்னுச்சு. "சரிதான் பிள்ளை"ன்னு தலைய ஆட்டினாரு. மஹத்தயா இவள நல்லா ஏசினாரு. ஏசினத ஒரு வார்த்தை எதுத்துப் பேசாமக் கேட்டுக்கிட்டு நின்னா. செல்லசாமிக்குக் காலு சேர்ற வரைக்கும் வீட்டுச் செலவு வேர்க்ஷொப் பார்க்கும்னு மஃறூப் நானா எல்லாருக்கும் முன்னால சொன்னாரு. பழனியாண்டி பாஸ் கையப் புடிச்சு, நாளையில இருந்து வாங்கன்னாரு. அன்னைக்கு அவரப் பார்த்துப் பின்னால நின்னு சிரிச்சவன், தலையச் சொறிஞ்சுக்கிட்டு அவருக்கு டீ கொண்டு வந்து குடுத்தான்.

எனக்கு மனசு ஆறிச்சு. சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நான் ஒரு மடச்சி.

மறுநா அவரு வந்தாரு. புது மெஷின். காஞ்ச போல்ட்டு. இப்பல்லாம் பிரேமினி ஒவ்வொண்ணையும் துணியால தொடச்சு, வெள்ளைத் தாளுல உருட்டிப் பார்த்துத்தான் தட்டுல போடுவா. அவரு மொத நட்ட வச்சு டிக் ஸ்பேனர இழுத்தாரு. டிக்குனு சத்தம் எனக்கு அந்தக் கோடியில கேட்டுச்சு. அவரு ஸ்பேனர எடுக்காம அப்படியே புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நெத்தியெல்லாம் வேர்வை, ஹட்டன் குளிர்ல.

"பிள்ளை, இங்க கொஞ்சம் வா. இது போதுமா பாரு."

அவ போய்ப் பார்த்தா. "போதும் மாமா."

அடுத்த நட்டு. டிக். "பிள்ளை, இது கூடிருச்சா?"

"இல்ல மாமா. சரியா இருக்கு."

அடுத்ததுக்கும் கூப்பிட்டாரு. அதுக்கடுத்ததுக்கும். மனுசன் சும்மா கேக்கல, பயந்து கேக்கிறாரு. மெஷின் போல்ட்டு காது வழியாப் பேசும்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்த ஆளு, காதுக்குப் பக்கத்துல கேக்கிற டிக் சத்தத்த நம்பாம இவ மூஞ்சியப் பார்க்கிறாரு. வாய் ஓயாத பிரேமினி, ஒரு கிண்டல் இல்ல, ஒரு சலிப்பு இல்ல, ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய்ப் பார்த்துட்டு வந்தா. கடைசியில அவளுக்குப் பொறுக்கல. அவரு கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுச் சொன்னா.

"மாமா, உங்க கை சரியாத்தான் இருக்கு. என்னைக் கேக்காமலே நீங்க விடலாம்."

அவரு கைய மெதுவா உருவிக்கிட்டாரு.

"அன்னைக்கும் சரியா இருக்குன்னுதான் பிள்ளை நெனச்சேன்."

அப்படிச் சொல்லிட்டு அடுத்த நட்டுல ஸ்பேனர மாட்டினாரு. அவ பக்கத்துலயே நின்னா.